ஐந்தாம் ரீல்

விளக்கை அணைத்துவிட்டார்கள். எட்டு ரீல், ரீலுக்குப் பதினொரு நிமிஷம். ஐந்தாவது ரீல் வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் கரண்ட் போகலாம், ப்ரொஜெக்டர் பல்பு போகலாம், ஃபிலிம் அறுந்து போகலாம், ஏதோ ஒரு கோடவுனில் நாற்பத்தைந்து வருஷம் கிடந்த சரக்குதானே, அறுந்தால் யாரும் யாரையும் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, கல்யாண மண்டபத்து மாடியில், பந்தி போடும் ஹாலில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, இருபத்தைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்கப் போகிறோம். எரிமலை ராட்சசன். தமிழ் பேசும் ஜப்பான் படம். திலகா என் பக்கத்தில் இருக்கிறாள். மடியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ரெக்கார்டர், அதன் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு எரிகிறது. இன்னொன்றை ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறாள். என் மகள் எதையும் ஒன்றோடு விடமாட்டாள். "வசதியா இருக்காப்பா? ஃபேன் வேணுமா?" என்கிறாள். தலையாட்டுகிறேன். பதினான்கு மாசமாக எனக்குக் குரல் இல்லை. தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு துணி, அந்தத் துணி வழியாகத்தான் மூச்சு. சற்று முன்னால் ஃபிலிம் டப்பாவைத் திறந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பழைய ஃபிலிம் புளித்த காடி மாதிரி நாறுமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கு வழியாக மூச்சு போகாதவனுக்கு வாசனையும் கிடையாது. இதையும் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் சொன்னார்கள்.

இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். நம்முடைய பழைய குரலை ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் கொடுத்தால் அது கற்றுக்கொண்டுவிடுமாம், அதற்கப்புறம் நான் போனில் எதை எழுதினாலும் என் குரலிலேயே வாசித்துக் காட்டுமாம். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே திலகா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். கேசட், சிடி, பழைய போன், புதுப் போன், ஒன்று விடாமல் தேடினாள். என் குரல் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும், நான்தான் யாருக்கும் கொடுத்ததில்லையே. பதினோரு வருஷம் டப்பிங் பேசி வயிறு வளர்த்தவன், அதற்கப்புறம் பெயின்ட் கம்பெனியில் கிளார்க்காகக் குப்பை கொட்டினாலும் அந்தக் கொழுப்பு மட்டும் போகவில்லை. மைக் இல்லாத இடத்தில் குரலைச் செலவழிக்கக் கூடாது, சும்மா கேட்பவனுக்கு ஒரு வணக்கம்கூடப் பதிவு செய்து கொடுக்கக் கூடாது. திலகா கல்யாண வீடியோவில் நான் வாயசைக்கிறேன், நாதஸ்வரம்தான் கேட்கிறது. பேரன் பிறந்தபோது போனை நீட்டி ஒரு வார்த்தை பேசுங்க மாமா என்றார் மாப்பிள்ளை, நான் பெரிய மனுஷன் மாதிரிக் கையை மட்டும் அசைத்தேன். அந்தக் கை இப்போதும் அவர் போனில் அசைந்துகொண்டிருக்கிறது. நான் பேசிய படங்களாவது இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் மூன்றாம்தரப் படங்கள், பிரிண்டை வளையல் செய்கிறவனுக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியில் இந்த ஒன்று அகப்பட்டது. ஷெரீப் என்று ஒருவர், பேங்கில் வேலை, ஃபிலிம் கிளப் நடத்துகிறார், தலையெல்லாம் நரைத்த ஆள், எங்கிருந்தோ எடைக்கு வந்த டப்பாக்களில் இது இருந்தது என்றார். திலகா துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். "அப்பா, நான் பொறந்தப்போ நீங்க பேசிட்டிருந்தீங்களே, அதே படம்." அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் காட்ட, வாய்க்குப் பதிலாக நான் வைத்திருக்கிற ஸ்லேட்டில் இடம் போதாது. ஏனென்றால் இந்தப் படத்தின் ஐந்தாவது ரீலில் நான் பேசக்கூடாத ஒன்றைப் பேசியிருக்கிறேன். அது திலகா பிறந்த சேதி வந்ததும் நான் சொன்னது. அது படத்திலேயே இருக்கிறது.

எழுத்து ஓடுகிறது. ஜப்பான்காரன் எழுத்துக்கு மேலேயே தமிழை அடித்திருக்கிறார்கள், வசனம் புலவர் மாசிலாமணி. குரல் கொடுத்தவர்கள் பெயர் கிடையாது, அந்தக் காலத்தில் கிடையாது. புலவருக்கு ஜப்பான் மொழியும் தெரியாது, படத்தோடு கதைச் சுருக்கம் என்று ஒரு காகிதம்கூட வரவில்லை. படத்தைச் சத்தமில்லாமல் நான்கு தடவை ஓடவிட்டுப் பார்த்தார், வெற்றிலையை மாற்றி மாற்றிப் போட்டார், இவன் விஞ்ஞானி, இவன் தளபதி, இந்தப் பெண் விஞ்ஞானியின் தங்கை என்று அவராகவே முடிவுகட்டி எழுதினார். நான்காவது ரீலில் அந்தத் தங்கையை விஞ்ஞானி கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான். அப்புறம் முதலிலிருந்து தங்கையை எல்லாம் அடித்துவிட்டு மாமன் மகள் என்று போட்டார். உதட்டுக்கு வார்த்தை போதாவிட்டால் அதாவது, அதாவது பார்த்தீர்களானால், என்று இரண்டு வைக்கோலைத் திணிப்பார். இதோ வருகிறது. மேஜை, மேஜையைச் சுற்றி ஏழு பேர், கண்ணாடி போட்ட டாக்டர் தனகா எழுந்திருக்கிறார், வாயைத் திறக்கிறார், நான் பேசப் போகிறேன். என் உடம்பு நாற்காலியில் நிமிர்கிறது. இதற்காகத்தான் வந்தேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஐந்தாவது ரீல் கொடுமை தெரிந்தும் இந்த ஒன்றுக்காகத்தான் வந்தேன், செத்துப்போனவன் திரும்பி வந்து பேசுவதைக் கேட்கிற ஆசை. "அதாவது பார்த்தீர்களானால் நண்பர்களே, பூமியின் அடியில் ஓர் ஆபத்து, பேராபத்து உறங்கிக்கொண்டிருக்கிறது!" இதுவா? இதுவா என் குரல்? பித்தளைச் சொம்புக்குள் தலையை விட்டுக்கொண்டு எவனோ ஒருத்தன் கத்துகிற மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்து நாடகக்காரன் குரல், முழுக்கக் கஞ்சி போட்ட குரல். நாற்பத்தைந்து வருஷமாக என் காதுக்குள் நான் வைத்திருந்தது வேறே. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். திலகாவும் சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு என் கையைத் தட்டிக் கொடுக்கிறாள்.

முதல் ரீல் முடிந்து விளக்குப் போடுகிறார்கள். ஒரே ப்ரொஜெக்டர், ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தி மாட்ட வேண்டும். சமோசா வருகிறது. "ராட்சசன் எப்போ சார் வருவான்?" என்று ஒரு பெண் கேட்கிறாள், ஷெரீப் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே "வருவான்மா, மீட்டிங் முடியட்டும்" என்கிறார். மீட்டிங் முடியாது. எனக்குத் தெரியும். இரண்டாவது ரீலிலும் மீட்டிங், மூன்றாவதிலும் மீட்டிங். காசு இல்லாமல் எடுத்த படம், ராட்சசனைக் காட்டினால் செலவு, ஆகவே ராட்சசனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதோடு தளபதிக்குப் பேச வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை, மஞ்சள் காமாலை, ஆகவே தளபதியும் நான்தான். மீனவக் கிழவனும் நான்தான். இரண்டாவது ரீலில் டாக்டர் தளபதியைத் திட்டுகிறார், தளபதி டாக்டரைத் திட்டுகிறார், கிழவன் நடுவே விலக்கிவிடுகிறான், மூன்று பேரும் இந்தத் தணிகாசலம்தான். ஒருத்தனுக்கு நெஞ்சிலிருந்து, ஒருத்தனுக்கு மூக்கிலிருந்து, ஒருத்தனுக்குப் பல் போன மாதிரி. ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் கழுத்துத் துணியில் புஸ் புஸ் என்று காற்றுதான் வருகிறது, முன்னால் இருப்பவர் பஞ்சர் சைக்கிளைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்க்கிறார். திலகா சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. அவளுக்கு வேண்டியது இதில் அகப்படவில்லை, அது எனக்குப் புரிகிறது. டாக்டர் நானில்லை, தளபதி நானில்லை, கிழவனும் நானில்லை. தளபதி குரலிலா நாளைக்கு நான் அவளிடம் காபி கேட்கப் போகிறேன்?

திலகா பிறந்த அந்த நாள் எனக்கு லூப் லூப்பாகத்தான் ஞாபகம் வரும். அப்போதெல்லாம் லூப்தான். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தலையும் வாலும் ஒட்டி வளையமாக்கி ஓடவிடுவார்கள். அரை நிமிஷக் காட்சி, முடிந்ததும் திரும்ப அதே காட்சி, திரும்ப அதே காட்சி, உதடு பொருந்துகிறவரைக்கும் விடமாட்டார்கள். ஜன்னலோரம் டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற துண்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் டேக் சரியில்லை. இரண்டாவது டேக்கில், மைக் திறந்திருக்கிறது, டேப் ஓடுகிறது, காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சவுண்ட் என்ஜினீயர் சிங்காரவேலு, "தணிகாசலம், ஆஸ்பத்திரியிலேருந்து உன் மச்சான் போன் பண்ணாரு, பொண்ணு பொறந்திருக்காம், ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான். ஆண்பிள்ளைதான் பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், பெயர்கூட எடுத்து வைத்திருந்தேன், அந்த வயசில் அந்தத் திமிரில் வாயில் வந்ததைச் சொன்னேன். மூன்றாவது டேக்கில் வசனத்தை ஒழுங்காகப் பேசி ஓகே வாங்கினேன். ரிப்போர்ட் எழுதுகிற உதவியாளர் ஓகே என்பதை மூன்றுக்கு நேரே எழுதாமல் இரண்டுக்கு நேரே எழுதிவிட்டார். எடிட்டர் இரண்டை எடுத்து ஒட்டினார். முகம் தெரிகிற ஷாட்டாக இருந்தால் உதடு பொருந்தவில்லை என்று அங்கேயே பிடித்திருப்பார்கள். முதுகு. எங்கள் தொழிலில் முதுகைக் காட்டி நிற்கும் ஷாட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், முதுகுக்கு எதைப் பேசினாலும் பொருந்தும். படம் வெளியான அன்று காலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன், என் குரலை நானே ரசிக்கலாம் என்று. கேட்டேன். ஜன்னலோரம் டாக்டர் முதுகிலிருந்து என் பதில்தான் வந்தது. தயாரிப்பாளரிடம் ஓடினேன், அவர் சிரித்தார், முதுகுதானே தணிகாசலம், யாருக்குத் தெரியப்போகிறது, போய்ப் பிள்ளைக்குப் பால் டப்பா வாங்கு என்றார்.

மூன்றாவது ரீல். நாலாவது ரீல். ராட்சசன் வந்துவிட்டான், பெரிய உடும்பு, முதுகில் ஜிப் தெரிகிறது. ஜிப்பைப் பார்த்ததும் ஹாலே கைதட்டுகிறது. அட்டைப்பெட்டி வீடுகளை மிதிக்கிறான், பொம்மை ரயிலைக் கடிக்கிறான், கயிறு தெரிகிறது. இந்த உறுமலை எங்களோடு குரல் கொடுத்த நாகப்பன் மண்பானைக்குள் வாயை வைத்து உறுமினான், உறுமி உறுமி மயக்கம் வந்து விழுந்தான், அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தது நான். இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மனைவி சுலோச்சனா ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் படுத்திருந்தாள் என்பது ஞாபகம் இல்லை. நான் போனது மூன்றாம் நாள். டப்பிங் முடிந்தபிறகு. இருபது நிமிஷ பஸ் தூரம். மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்திலேயே போய் வந்திருக்கலாம். போகவில்லை. போகாததற்கு ஒரு காரணமும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், யாரிடம் என்று கேட்டால் அதுவும் தெரியாது. மூன்றாம் நாள் போனபோது சுலோச்சனா குழந்தையை என் கையில் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் என் திமிர் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அழுதுவிட்டேன், இது சத்தியம், ஆனால் இதைச் சத்தியம் என்று சொல்ல சாட்சி கிடையாது. சுவர் பக்கம் திரும்பியிருந்தவள் பார்க்கவில்லை.

அப்புறம் திலகாவுக்கு நாலு வயசோ ஐந்து வயசோ, பிறந்தநாள் அன்று, நான் பொறந்தப்போ நீங்க எங்கப்பா இருந்தீங்க என்று கேட்டது. கேட்டதும் என் வாயில் ஒரு கதை வந்தது. அப்பா மைக் முன்னாடி நின்று ராட்சசன் வருகிறான் ராட்சசன் வருகிறான் என்று கத்திக்கொண்டிருந்தேனா, அப்போது சேதி வந்தது, ராட்சசனாவது ஒன்றாவது என்று பாதி வசனத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினேன், ஒரு காலில் செருப்பில்லை, பஸ் நிற்கவில்லை, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன், ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தான், மகராசி பிறந்திருக்கிறாள் வழி விடய்யா என்றேன். வாட்ச்மேனுக்கு ஒரு குரல், கண்டக்டருக்கு ஒரு குரல். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அடுத்த பிறந்தநாளும் கேட்டது. ஒவ்வொரு வருஷமும் கேட்டது. நானும் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன், மைக் இல்லாமல் செலவழித்த குரல் என்றால் அது ஒன்றுதான். சுலோச்சனா அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாளும் மறுக்கவில்லை, ஒருநாளும் சிரிக்கவுமில்லை. படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் அப்போதே ஒருதரம் கேட்டாள். படம் இரண்டே நாளில் தூக்கிவிட்டார்கள் என்றேன். மூன்று வாரம் ஓடியது. அவள் போய் ஒன்பது வருஷமாகிறது, அவள் கேட்காமல் தப்பினாள், இல்லை நான் தப்பினேன், ஆனால் இந்தப் பெண் இரண்டு ரெக்கார்டரோடு உட்கார்ந்திருக்கிறாள். வேண்டாம், இந்தப் படம் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். ஏன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. பேசுகிற காலத்திலேயே இல்லாத தைரியம் எழுதுகிற காலத்தில் எங்கிருந்து வரும்?

நாலாவது ரீல் முடிந்தது. இன்டர்வெல் என்று ஷெரீப் அறிவிக்கிறார். எல்லோரும் டீக்கு எழுந்து போகிறார்கள், படம் தேறாதுப்பா என்று ஒருவர், ஜிப்புக்காகவே இன்னொருதரம் பார்க்கலாம் என்று ஒருவர். நான் எழுந்து ப்ரொஜெக்டர் பக்கம் போகிறேன். மேஜைமேல் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி நம்பர் போட்டிருக்கிறார். ஐந்து. எடுக்கிறேன். இவ்வளவு லேசா? தட்டு மாதிரிதான் இருக்கிறது. என் தோள்பைக்குள் போய்விடும், கழுத்துத் துணி மாற்ற வேண்டும் என்று பாத்ரூம் பக்கம் போனால், அங்கே ஜன்னல் இருக்கிறது, கீழே குப்பைத் தொட்டியோ சாக்கடையோ ஏதாவது இருக்கும். எழுபத்தைந்து வயசில் திருட்டு. பிறகு ஷெரீப் தேடுவார், பாவம், ஐந்தைக் காணோமே என்று தவித்துப்போவார், படம் நாலிலிருந்து ஆறுக்குத் தாவும், இந்தப் படத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பையைத் திறக்க வேண்டும், ஒரே ஒரு ஜிப். "அப்பா!" திலகா டீ டம்ளரோடு நிற்கிறாள். "அப்படியே நில்லுங்க, அப்படியே, டப்பாவோட." போனைத் தூக்கிப் படம் எடுக்கிறாள். ஒன்று, இன்னொன்று. "கொஞ்சம் சிரிங்கப்பா." சிரிக்கிறேன். ஷெரீப் வந்து, "சார் எடுத்தே குடுத்துட்டாரு, தேங்க்ஸ் சார்" என்று என் கையிலிருந்து வாங்கி மாட்டிவிட்டார்.

இருட்டு. மறுபடியும் மேஜை. மறுபடியும் டாக்டர். ஜன்னல் எப்போது வரும்? அதற்கு முன்னால் மாமன் மகள் அழுகிற காட்சி ஒன்று, அதற்கும் முன்னால் ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷன் போயிற்று. இரும வேண்டும். நல்லதாக ஒரு இருமல் வந்தால் போதும், என் இருமல் சாதாரணம் இல்லை, நாலு வீட்டுக்குக் கேட்கும், அந்த இடம் வரும்போது இருமிவிட்டால் ஒன்றும் கேட்காது. மாமன் மகள் அழுகிறாள். அழுது முடிக்கிறாள். இருமலைக் கூப்பிடுகிறேன், நெஞ்சைக் குறுக்கிக் கூப்பிடுகிறேன், ராத்திரியெல்லாம் அழையாமல் வந்து உயிரை எடுப்பது இப்போது வரமாட்டேன் என்கிறது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நடந்தார். ஜன்னலுக்கு வந்துவிட்டார். முதுகைத் திருப்பிவிட்டார். ஹாலில் ப்ரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும். "என்னது? பொட்டப் புள்ளையா? ப்ச். சரி விடு, அதுக்கென்ன இப்போ. அப்புறமா போய்ப் பாத்துக்கலாம். நீ அடுத்ததைப் போடு."

பேசி முடிப்பதற்குள் ஹால் முழுக்கச் சிரிப்பு. "டாக்டருக்கு என்னாச்சு?" என்று யாரோ கத்துகிறார்கள், "வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்று இன்னொரு குரல். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திலகா பக்கம் திரும்பவில்லை. கண்ணின் ஓரத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு மட்டும் தெரிகிறது, எரிகிறது, அவள் அணைக்கவில்லை. அவள் சிரித்தாளா? கேட்கவில்லை. அவள் கை என் கைமேல் இருந்தது, அதை எப்போது எடுத்தாள்? ஆறாவது ரீல், விளக்குப் போட்டபோதும் நான் குனிந்தே இருந்தேன். ஏழாவது ரீல், அந்த ராட்சசன் எரிமலைக்குள் விழுகிறான், அதுவும் சரியாக விழவில்லை, பாதியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறான், கட் பண்ணிவிட்டார்கள். எட்டாவது ரீலில் டாக்டர் தனகா மலையுச்சியில் நின்று மனிதகுலத்துக்கு ஒரு பிரசங்கம் செய்கிறார், மூன்று நிமிஷம், தெளிவாக, பின்னால் இசைகூட இல்லாமல். அந்தக் காலத்தில் இதைப் பேசிவிட்டு நான்தான் அடுத்த பெரிய குரல் என்று நினைத்தேன். இப்போது கேட்டால் யாரோ கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பேசுகிறார். கேட்கவே முடியவில்லை. முடிந்தது, சுபம்.

விளக்கு வந்தது. நாற்காலிகள் இழுபடுகின்றன, ஜனங்கள் கலைகிறார்கள், கறுப்புத் துணியை அவிழ்த்ததும் நாலரை மணி வெயில் பளிச்சென்று உள்ளே விழுகிறது. ஷெரீப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மேடம், கிடைச்சுதா? அந்தக் கடைசி ஸ்பீச் ரொம்பத் தெளிவா இருந்துச்சே, மூணு நிமிஷம் தாராளமா வரும். டாக்டர்தானே சாரோட குரல்?"

"இல்ல சார். அதெல்லாம் அப்பா நடிச்சது. அப்பா இல்ல." திலகா ரெக்கார்டரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாவது ரீல்ல, ஜன்னல் கிட்ட ஒண்ணு வந்துச்சே. அது ஒண்ணுதான் அப்பா."

ஸ்லேட்டை எடுத்தேன். வேண்டாம் என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு போட்டேன். அவள் படித்தாள். ஷெரீப் என்ன நினைத்தாரோ, டப்பாக்களை அடுக்கப் போய்விட்டார்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "நீங்க மூணாவது நாள்தான் வந்தீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நான் காலேஜ்ல சேர்ந்த வருஷமே சொல்லிட்டாங்க."

காலேஜ். அப்படியென்றால் அதற்கப்புறம் எத்தனை பிறந்தநாள்? கல்யாணத்துக்கு முன்னால் மூன்றோ நாலோ, கல்யாணத்துக்கு அப்புறம் இருபது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்கூட கேக்கை வெட்டிவிட்டு, அப்பா சொல்லுங்க, நான் பொறந்தப்போ என்ன ஆச்சு என்று கேட்டாளே. நானும் வாட்ச்மேன் குரல் கண்டக்டர் குரல் எல்லாம் போட்டுச் சொன்னேனே. தெரிந்துகொண்டேயா கேட்டாள்? ஸ்லேட்டை அழித்துவிட்டு, அப்புறம் ஏன், என்று எழுதினேன்.

"அந்தக் கதையைச் சொல்றப்போ மட்டும் உங்க குரல் வேற மாதிரி இருக்கும்ப்பா. நல்லா இருக்கும். அதைக் கேக்கறதுக்காகத்தான் கேட்டுட்டே இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரு வாட்டியாவது பதிவு பண்ணியிருக்கணும். அடுத்த வருஷம் பண்ணிக்கலாம், அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். இப்போ இது ஒண்ணுதான் இருக்கு."

பிறகு எழுந்து போய் ஷெரீப்பிடம், "சார், சிரிப்புல கடைசி வார்த்தை அமுங்கிடுச்சு. அந்த எடத்தை மட்டும் திரும்பப் போட முடியுமா?" என்று கேட்டாள். அவர் ஜன்னல் துணியை மறுபடி இழுத்துவிட்டு, ஐந்தாவது டப்பாவை மாட்டி, மாமன் மகள் அழுகிற இடத்திலிருந்து ஓடவிட்டார். ஹாலில் நாங்கள் மூன்று பேர். திலகா ஸ்டூலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து ரெக்கார்டரை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் எழுந்தார், நடந்தார், முதுகைத் திருப்பினார். மைக் திறந்திருக்கும்போது மூச்சுச் சத்தம் விழக்கூடாது. என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்னது, பொட்டப் புள்ளையா, என்றேன். ப்ச், என்றேன். சரி விடு என்றேன், அப்புறமா போய்ப் பாத்துக்கலாம் என்றேன், நீ அடுத்ததைப் போடு என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. திலகா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.